மின்னஞ்சலில் வரும் கோப்புகள் தாமாகவே ட்ரைவில் சேர: விசுவமடுச் சங்கச் செயலாளருக்கு ஒரு விரிவான பதில்

முல்லைத்தீவு மாவட்டத்தின் விசுவமடுவில் இயங்கும் ஒரு பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் கேட்டிருக்கும் கேள்வி இது. பால் கொள்வனவு செய்யும் நிறுவனத்தின் கொடுப்பனவு விபரங்கள், வங்கி வைப்புச் சீட்டுகளின் படங்கள், கிணறு திருத்தும் திட்டத்துக்கு உதவும் புலம்பெயர் உறவுகளின் கடிதங்கள், களத்திலிருந்து அனுப்பப்படும் பற்றுச்சீட்டுகள் என மாதத்துக்கு 200 அளவில் மின்னஞ்சல்கள் சங்கத்தின் ஜிமெயில் முகவரிக்கு வருகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, இணைப்பைப் பதிவிறக்கி, பெயர் மாற்றி, கூகுள் ட்ரைவில் உரிய கோப்புறையில் இட்டு, பின்னர் பொருளாளருக்கும் கணக்காய்வாளருக்கும் அறிவிப்பதில் மாதத்தில் மூன்று நாள்கள் போய்விடுகின்றன. இதைத் தானாக நடக்கச் செய்ய முடியுமா, அதற்குப் பணம் செலுத்த வேண்டுமா, கணினி படித்த ஒருவர் சங்கத்தில் நிரந்தரமாக இருந்தாக வேண்டுமா என்று அவர் கேட்கிறார்.

முதல் இரண்டுக்கும் விடை சுருக்கமானது. செய்ய முடியும், உங்கள் அளவுக்குப் பணம் செலுத்தத் தேவையில்லை. மூன்றாவது கேள்விக்குத்தான் இந்தப் பதிலின் பெரும்பகுதி செல்லப்போகிறது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சில சங்கங்களுக்கு இத்தகைய ஏற்பாடுகளை அமைத்துக் கொடுத்திருக்கிறேன். உருவாக்குவதற்கு ஒரு நாள் போதும். ஆனால் அது இன்று தன் வேலையைச் செய்ததா, இல்லையா என்பதைக் கணினி அறியாத ஒருவரும் பார்த்தவுடன் தெரிந்துகொள்ளும்படி அமைக்காவிட்டால், அடுத்த காலபோகம் வருமுன் அது கைவிடப்பட்டுவிடும் என்பதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். ஆகவே நான் சொல்லும் முறையின் நடுவில் இருப்பது ஒரு பதிவேடு.

பிரதேச செயலகத்தில் நீங்கள் ஒரு கடிதத்தைக் கொடுத்தால், உத்தியோகத்தர் முதலில் உள்வரும் கடிதப் பதிவேட்டில் திகதி, தொடரிலக்கம், அனுப்பியவர், விடயம் ஆகியவற்றை எழுதிக் கடிதத்தின் மூலையில் முத்திரை குத்துகிறார். அந்தக் கடிதம் பின்னர் எந்த மேசைக்குப் போனாலும், எந்தக் கோவையில் இடப்பட்டாலும், அது வந்ததா என்ற கேள்விக்குப் பதிவேடு விடை சொல்லும். மின்னஞ்சலுக்கும் ட்ரைவுக்கும் இடையில் நாம் வைக்கப்போகும் தன்னியக்கமும் அந்த உத்தியோகத்தரின் வேலையைத்தான் செய்ய வேண்டும். கூகுள் ஷீட்டில் ஒரு தாளைத் திறந்து, வந்த ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு வரி எழுதச் செய்யுங்கள்: வந்த திகதி, அனுப்பியவர், விடயம், மின்னஞ்சலின் அடையாள எண், சேமித்த கோப்பின் பெயர், அதைத் திறக்கும் சுட்டி (லிங்க்), அறிவிப்புப் போனதா என்ற குறிப்பு.

இதைச் செய்யும் கருவி கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட். ஜிமெயில், ட்ரைவ், ஷீட் ஆகியவை என்ன செய்ய வேண்டும் என்று கட்டளைகளாக எழுதி ஓடவிடும் வசதி இது; அந்தக் கட்டளைத் தொகுப்பைத்தான் ஸ்கிரிப்ட் என்கிறேன். 2009 முதல் இருந்துவருவது. சாதாரண இலவசக் கணக்கிலேயே கிடைப்பது. ஷீட்டின் நீட்சிகள் பட்டியலில் இருந்தே இதைத் திறக்கலாம். இது உங்கள் கணினியில் ஓடுவதில்லை, கூகுளின் சேவையகங்களில் ஓடுகிறது. எனவே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி மின்னலுக்குப் பயந்து நீங்கள் கணினியின் வயரைக் கழற்றி வைத்திருந்தாலும், டொங்கிளில் டேட்டா முடிந்துபோயிருந்தாலும், வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். சங்கக் கணினி இரவு பகலாக ஓட வேண்டும் என்று எண்ணியே பலர் இம்முயற்சியைத் தொடங்காமல் விடுகிறார்கள் என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

ஸ்கிரிப்டுக்கு முன்னர் ஜிமெயிலிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஜிமெயில் முகவரியில் அட் குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறியும் ஏதேனும் ஒரு சொல்லும் சேர்த்து அனுப்பினாலும் அஞ்சல் அதே பெட்டிக்குத்தான் வரும். பால் கொடுப்பனவுக்கு ஒரு சொல், கிணற்றுத் திட்டத்துக்கு ஒரு சொல், வங்கிச் சீட்டுக்கு ஒரு சொல் என்று உரியவர்களுக்கு வெவ்வேறு முகவரி கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிகட்டி (வரும் அஞ்சலை நாம் சொன்ன விதிப்படி பிரிக்கும் ஜிமெயில் வசதி) அமைத்து, உரிய லேபிளை, அதாவது வகைப்பெயரை, ஒட்டச் செய்யலாம். கூட்டல் குறியை ஏற்காத நிறுவனமாக இருந்தால் அனுப்புநரின் முகவரியைக் கொண்டு வடிகட்டுங்கள். வகை பிரிக்கும் வேலையை வடிகட்டியிடம் விட்டுவிட்டால் ஸ்கிரிப்ட் சிறியதாகிவிடும். நாளை புதிய திட்டம் ஒன்று வரும்போது, ஸ்கிரிப்டில் கை வைக்காமல் வடிகட்டி ஒன்றைச் சேர்ப்பதோடு உங்களால் சமாளிக்க முடியும்.

இனி ஸ்கிரிப்ட். ஸ்கிரிப்டைத் தானாக ஓடவைக்கும் ஏற்பாட்டுக்குத் தூண்டி என்று பெயர். புதிய மின்னஞ்சல் வந்த கணமே எழுப்பும் தூண்டி ஆப்ஸ் ஸ்கிரிப்டில் இல்லை; குறித்த இடைவெளியில் எழுந்து பார்க்கும் நேரத் தூண்டிதான் உண்டு. இலவசக் கணக்கில் ஓர் ஓட்டம் 6 நிமிடங்களைத் தாண்டக்கூடாது. ஒரு நாளில் தூண்டிகளின் மொத்த ஓட்டம் 90 நிமிடங்களைத் தாண்டக்கூடாது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பினால் நாளுக்கு 96 ஓட்டங்கள். அதாவது ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம்கூட முழுதாக இல்லை. மணிக்கு ஒருமுறை என்றால் 24 ஓட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்றே முக்கால் நிமிடம். காலையில் வந்த கொடுப்பனவு விபரம் ஒரு மணி நேரம் தாமதித்து ட்ரைவுக்குப் போவதால் சங்கத்துக்கு எந்த நட்டமும் இல்லை. மணிக்கு ஒருமுறையே போதும்.

எழுந்தவுடன் அது செய்ய வேண்டியவை: லேபிள் உள்ள, இணைப்பு உள்ள, கடந்த ஏழு நாள்களுக்குள் வந்த அஞ்சல்களைத் தேடுவது, ஒவ்வோர் அஞ்சலின் அடையாள எண்ணும் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பது, இல்லாவிட்டால் இணைப்பைக் கோப்புறையில் சேமிப்பது, அதன் பிறகு பதிவேட்டில் எழுதுவது. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் பதிவேட்டில் எழுதிவிட்டுச் சேமிக்கப்போகும் நேரத்தில் 6 நிமிட எல்லை வந்து ஓட்டம் அறுந்தால், கோப்பு இல்லாமலே 'சேர்ந்துவிட்டது' என்ற பதிவு நிற்கும். சேமித்த பிறகு அறுந்தால் அடுத்த மணியில் அதே கோப்பு இரண்டாம் முறை வந்து சேரும், அவ்வளவுதான். இரட்டைப் பிரதியைக் கண்ணால் கண்டு அழித்துவிடலாம். இல்லாத பற்றுச்சீட்டைக் கணக்காய்வு நடக்கும் நாளில்தான் கண்டுபிடிப்பீர்கள்.

அடையாள எண்ணை வலியுறுத்துவதற்குக் காரணம் என் கையால் நேர்ந்த ஒரு பிழை. இணையத்தில் கிடைக்கும் மாதிரி ஸ்கிரிப்டுகளில் பெரும்பாலானவை, சேமித்து முடித்த அஞ்சலுக்கு 'முடிந்தது' என்று ஒரு லேபிளை ஒட்டிவிட்டு, அடுத்த முறை அந்த லேபிள் இல்லாதவற்றை மட்டும் தேடும். நானும் அப்படித்தான் ஒரு சங்கத்துக்கு அமைத்துக் கொடுத்தேன். ஆனால் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் லேபிள் ஒட்டுவது தனி அஞ்சலுக்கு அல்ல, பதிலும் மறுபதிலுமாக நீளும் முழு உரையாடலுக்குமே. அந்தச் சங்கத்தின் களப் பொறுப்பாளர் ஒவ்வொரு வாரமும் புதிய அஞ்சல் எழுதாமல், முதல் வாரத்து அஞ்சலுக்கே பதில் அழுத்தி அடுத்த பற்றுச்சீட்டை அனுப்பும் பழக்கமுள்ளவர். முதல் வாரத்தில் உரையாடலுக்கு 'முடிந்தது' ஒட்டப்பட்டது. அதன் பின் வந்த பதினொரு வாரப் பற்றுச்சீட்டுகளையும் ஸ்கிரிப்ட் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை, ஏனென்றால் அதன் கணக்கில் பிழை எதுவும் நடக்கவில்லை. பொருளாளர் கைக்கணக்கோடு ஒப்பிட்டபோதுதான் தெரியவந்தது. அஞ்சல்கள் பெட்டியில் இருந்தபடியால் மீட்டுவிட்டோம். அன்றிலிருந்து, ஓர் அஞ்சல் சேமிக்கப்பட்டதா என்பதை அறிய நான் லேபிளை நம்புவதில்லை. ஒவ்வோர் அஞ்சலுக்கும் ஜிமெயில் கொடுக்கும் தனி எண்ணைப் பதிவேட்டில் வைத்து, அதைக் கொண்டே ஒப்பிடச் செய்கிறேன். இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டு ஸ்கிரிப்ட் எழுதுவிப்பவர்களும், முதலில் இந்த இடத்தைத் திறந்து பார்ப்பது நல்லது.

இன்னொரு சிறு தொல்லை: அனுப்புநரின் கையொப்பத்தில் இருக்கும் நிறுவனச் சின்னமும் முகநூல் அடையாளமும்கூட இணைப்புகளாகவே எண்ணப்படும். அஞ்சலின் உடலுக்குள் பதிக்கப்பட்ட படங்களைத் தவிர்க்குமாறு ஸ்கிரிப்டில் ஒரு வரியால் சொல்லலாம். சொல்லாவிட்டால் ஒரு மாதத்தில் கோப்புறை முழுவதும் சின்னங்களாகிவிடும்.

கோப்புக்குப் பெயரிடுவதில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். ட்ரைவில் ஒரே பெயரில் எத்தனை கோப்புகளும் இருக்கலாம். ஒன்று மற்றதை அழிக்காது. கைபேசியிலிருந்து வரும் படங்களோ எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரியான பெயரில் வரும். எனவே ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் திகதியை முன்னால் வைத்து, பிறகு வகை, பிறகு அனுப்பியவர், பிறகு பதிவேட்டுத் தொடரிலக்கம் என்று ஸ்கிரிப்டே பெயரைக் கட்டட்டும். ஆண்டு முன்னால் நின்றால் பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். இங்கே நேர வலயத்தைக் கவனிக்க வேண்டும். ரொறன்ரோவில் இருப்பவர் 31ஆம் திகதி மாலை அனுப்பும் பணப்பரிமாற்றச் சீட்டு நமக்கு 1ஆம் திகதி காலையில் வருகிறது. இரண்டு இடங்களுக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் வித்தியாசம். ஸ்கிரிப்டின் அமைப்பில் நேர வலயம் வேறு நாட்டுக்குரியதாக இருந்தால் சீட்டு முந்திய மாதத்துக் கோப்புறைக்குள் போய்விடும். அமைப்புகளில் அது கொழும்பு நேரமாக இருப்பதை முதல் நாளே உறுதிப்படுத்துங்கள்.

தமிழில் பெயரிடுவது பற்றிக் கேட்காமலே சொல்கிறேன், ஏனெனில் நமது பிரதேச அலுவலகங்களில் எல்லோருக்கும் வரும் சிக்கல் இது. இன்னமும் பல மேசைகளில் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு நடக்கிறது. பாமினி, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டும் எழுத்துரு. ஆவணத்துக்குள் அது தமிழாகத் தெரியும். கோப்பின் பெயருக்கோ மின்னஞ்சலின் விடயத்துக்கோ எழுத்துரு தேர்ந்தெடுக்க வழியில்லாததால், அங்கே பாமினியில் அடித்தது ஆங்கில எழுத்துகளாகவும், புள்ளி வர வேண்டிய இடத்தில் அரைப்புள்ளியாகவும் கிடக்கும். தேடினால் கிடைக்காது, ஸ்கிரிப்டுக்கும் புரியாது. வகை பிரிக்க விடயச் சொல்லைப் பயன்படுத்துவதானால், அனுப்புவோர் யுனிகோட்டில்தான் (தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறிமுறை) எழுத வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

யுனிகோட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. 'கொடுப்பனவு' என்ற சொல்லின் முதலெழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்று என்பது ஒரு விதம். ககரத்தோடு ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியே என்பது மற்ற விதம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஒப்பிடும் ஸ்கிரிப்டுக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒருவரின் விசைப்பலகை ஒரு விதமாகவும், மற்றவரின் விசைப்பலகை மறு விதமாகவும் எழுதினால், 'கொடுப்பனவு' என்று விடயம் இடப்பட்ட அஞ்சல்களில் பாதி மட்டும் கோப்புறைக்குப் போகும். காரணம் புரியாமல் தவிப்பீர்கள். ஆப்ஸ் ஸ்கிரிப்ட் எழுதப்படும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் செயல்கூறு உள்ளேயே இருக்கிறது. ஒப்பிடுமுன் இரு பக்கத்தையும் அதன் வழியே செலுத்த வேண்டும். மேலும், யுனிகோட்டின் வழக்கமான குறிமுறையில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் பிடிக்கிறது. லினக்ஸிலும் ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் கோப்பின் பெயர் பொதுவாக 255 பைட்டுகளைத் தாண்டக்கூடாது என்பதால், 85 குறிகளுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெயருள்ள கோப்பு கைபேசியில் இறங்க மறுக்கலாம். புள்ளியும் கொம்பும் காலும்கூடத் தனிக் குறிகளாகவே எண்ணப்படும் என்பதை நினைவில் வைத்துச் சுருக்கமான பெயராகக் கட்டுங்கள்.

அடுத்தது எதிர்த் திசை: ட்ரைவில் ஒரு கோப்பு வந்து சேர்ந்தவுடன் உரியவர்களுக்கு மின்னஞ்சல் போவது. ட்ரைவின் கோப்புறையிலும் 'புதிய கோப்பு வந்தது' என்று எழுப்பும் தூண்டி இல்லை. எனவே இதுவும் மணிக்கு ஒருமுறை எழுந்து பார்க்கும் வேலைதான். பலர் கடந்த ஒரு மணி நேரத்தில் உருவான கோப்புகளைத் தேடச் செய்வார்கள். அதில் ஓட்டை இருக்கிறது. சென்ற மாதம் வேறொரு கோப்புறையில் உருவாகி இன்று இங்கே நகர்த்தப்பட்ட கோப்புக்குப் பழைய திகதியே இருக்கும்; அது அறிவிக்கப்படாமல் போகும். இங்கேயும் பதிவேட்டையே துணைக்கு அழையுங்கள். கோப்புறையில் உள்ளவற்றின் அடையாள எண்களில் பதிவேட்டில் இல்லாதது எதுவோ அதுதான் புதியது.

அறிவிப்பை ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்றாக அனுப்ப வேண்டாம். பொருளாளருக்கு நாளுக்குப் பத்து அஞ்சல் போனால் மூன்றாம் நாளே அவர் திறப்பதை நிறுத்திவிடுவார். மாலையில் ஒரே அஞ்சலில், அன்று வந்தவற்றின் பட்டியலையும் சுட்டிகளையும் அனுப்புவது பயன்படும். நாள் தூண்டியை மாலை 5 மணி என்று வைத்தால் அது 5 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் எப்போதாவது ஓடும். சரியாக 5 மணிக்கு எதிர்பார்த்திருக்க வேண்டாம். இலவசக் கணக்கிலிருந்து ஆப்ஸ் ஸ்கிரிப்ட் வழியாக நாளொன்றுக்கு 100 பெறுநர்களுக்கே அனுப்பலாம். அஞ்சல்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை, பெறுநர்களின் எண்ணிக்கையையே பார்க்கிறது. உங்கள் அங்கத்தவர்கள் 140 பேருக்கும் ஒரே நாளில் கூட்ட அறிவித்தல் அனுப்ப முயன்றால் இடையில் நின்றுவிடும். இரண்டு நாள்களாகப் பிரித்து அனுப்பச் செய்யுங்கள்.

கோப்பை இணைத்து அனுப்புவதா, சுட்டியை அனுப்புவதா என்றால், நான் சுட்டியின் பக்கம். மின்னஞ்சலில் இணைக்கப்படும் கோப்பு எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணிக்கிறது. மூன்று பைட்டு நான்காகிறது. ஜிமெயிலின் இணைப்பு எல்லை 25 எம்பி. களத்தில் எடுத்த கிணற்றுப் படங்கள் பத்தைச் சேர்த்தாலே அந்த எல்லையைத் தாண்டிவிடும். பொருளாளர் கைபேசி டேட்டாவில் பார்ப்பவர் என்றால், தேவையானதை மட்டும் திறக்கும் வசதி அவருக்குப் பெரிய உதவி. ஆனால் சுட்டியோடு அனுமதியும் வருகிறது. வசதிக்காக 'சுட்டி உள்ள எவரும் பார்க்கலாம்' என்று விட்டுவிட்டால், அந்தச் சுட்டி வட்ஸ்அப் குழு ஒன்றில் போடப்பட்ட நாளிலிருந்து யார் பார்க்கிறார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. சங்கத்தின் கோப்புகளில் அங்கத்தவர்களின் அடையாள அட்டைப் பிரதிகளும் வங்கிக் கணக்கு இலக்கங்களும் இருக்கின்றன. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய இத்தகைய தரவுகளைக் கையாள்பவர் மீது பொறுப்பைச் சுமத்தவே இயற்றப்பட்டது. சட்டத்தை விடுங்கள், பால் ஊற்றும் அம்மா ஒருவர் தன் கணக்கு இலக்கத்தை உங்களை நம்பித் தந்திருக்கிறார். பொருளாளர், தலைவர், கணக்காய்வாளர் ஆகியோரின் முகவரிகளுக்கு மட்டும் கோப்புறையின் அனுமதியைக் கொடுத்து, மற்ற எல்லாவற்றையும் மூடி வையுங்கள்.

களத்திலிருந்து வருபவற்றில் பல வட்ஸ்அப்பில்தான் வருகின்றன என்பது எனக்குத் தெரியும். தருமபுரத்திலும் உடையார்கட்டிலும் பால் சேகரிப்பவர்களிடம் இனி மின்னஞ்சல் எழுதுங்கள் என்று சொன்னால் நடக்காது. அவர்களுக்கு ஒரு கூகுள் படிவம் செய்து கொடுங்கள். திகதி, இடம், தொகை, பற்றுச்சீட்டின் படம் என்று நான்கு இடங்கள் போதும். படத்தை ஏற்றும் வசதிக்கு அவர்கள் கூகுள் கணக்கில் உள்நுழைந்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது ஏற்கெனவே இருக்கும். படிவத்துக்கு மட்டும் உடனடித் தூண்டி உண்டு: அவர் அனுப்பிய கணத்தில் பதிவேட்டில் வரி விழும், படம் ட்ரைவில் சேரும். உண்மையில் மின்னஞ்சலைவிட இது சுத்தமான வழி, ஏனெனில் தொகையையும் இடத்தையும் நீங்கள் படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யத் தேவையில்லை.

செயலிகளை ஒன்றோடொன்று இணைத்து வேலையைத் தானாக நடத்தும் வேறு சேவைகள் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸேப்பியரின் இலவசத் திட்டம் மாதத்துக்கு 100 வேலைகளோடு நின்றுவிடும்; உங்கள் 200 அஞ்சலுக்குப் போதாது. மேக் என்ற சேவை இலவசமாக மாதத்துக்கு 1000 படிகள் தருகிறது. ஆனால் தேடுவது, சேமிப்பது, எழுதுவது, அறிவிப்பது என்று ஓர் அஞ்சலுக்கே நான்கு கழியும் என்பதால் அதுவும் விளிம்பில்தான் நிற்கும். சங்கம் மைக்ரோசொப்ட் 365 வைத்திருந்தால் மைக்ரோசொப்டின் தன்னியக்கக் கருவியான பவர் ஆட்டோமேட்டைப் பயன்படுத்துங்கள். அவுட்லுக்கில் வரும் இணைப்பை ஒன்ட்ரைவில் சேமிக்கும் மாதிரி அங்கே தயாராகவே இருக்கிறது, எழுத வேண்டிய ஸ்கிரிப்டும் இல்லை. ஜிமெயில் வைத்திருப்பவர் இடையில் மூன்றாம் நிறுவனம் ஒன்றைக் கொண்டுவருவதை நான் பொதுவாக விரும்புவதில்லை. 2019 மார்ச்சில் கூகுள் தன் அனுமதி விதிகளை இறுக்கியபோது, இதே போன்ற ஐஎப்டிடிடி (IFTTT) சேவையின் ஜிமெயில் தூண்டிகள் நிறுத்தப்பட்டு, அதை நம்பியிருந்தவர்களின் ஏற்பாடுகள் நின்றுபோயின.

இப்போது இடம் பற்றி. கூகுளின் இலவச 15 ஜிபி ஜிமெயிலுக்கும் ட்ரைவுக்கும் போட்டோஸுக்கும் பொதுவானது. அஞ்சலில் இருக்கும் இணைப்பை ட்ரைவிலும் சேமிக்கும்போது அதே கோப்பு இரண்டு முறை எண்ணப்படுகிறது. சராசரியாக 2 எம்பி என்று கொண்டால், 200 கோப்புகளுக்கு மாதம் 400 எம்பி. இரட்டிப்பாக 800 எம்பி. பத்தொன்பது மாத அளவில் நிரம்பிவிடும். நிரம்பினால் ட்ரைவ் மட்டும் நிற்பதில்லை, புதிய மின்னஞ்சலும் வராது. ஒவ்வோர் ஆண்டும் கணக்காய்வு முடிந்த பின், பதிவேட்டில் ஏறிய பழைய அஞ்சல்களை அழித்து, ட்ரைவின் முழுப் பிரதி ஒன்றை வெளி வன்வட்டில் எடுத்து வையுங்கள். படங்களை ட்ரைவ் செயலியிலேயே உள்ள ஸ்கான் வசதியால் எடுத்து பிடிஎப் ஆக அனுப்பப் பழக்கினால், பெரும்பாலும் அளவும் குறையும். எழுத்தும் தெளிவாக இருக்கும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்வடிவ ஆவணங்களுக்குச் சட்ட ஏற்பைத் தருகிறது என்றாலும், மூலப் பற்றுச்சீட்டுக் கோவையைக் கைவிட வேண்டாம். கணக்காய்வாளர் காகிதத்தைக் கேட்பார்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இந்தத் தூண்டிகளை உருவாக்கியவர் யாரோ, அவருடைய கணக்கின் பெயரிலேயே அவை ஓடும். நமது ஊர்களில் இத்தகைய வேலையைச் செய்து கொடுப்பவர் பெரும்பாலும் ஆர்வமுள்ள ஓர் இளைஞர். தன் சொந்தக் கணக்கிலேயே செய்துவிடுவார். அவர் கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பை முடித்துக் கொழும்புக்கோ கடல் கடந்தோ போவார், கைபேசி எண் மாறும், கணக்கு மறக்கப்படும். ஈராண்டு பயன்படுத்தப்படாத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம் என்ற விதியும் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நான் பார்த்த ஒரு சங்கத்தில், போனவரைத் தேடிப் பிடித்து உள்நுழைவதற்கே நான்கு மாதங்கள் எடுத்தன; அதற்குள் நிர்வாக சபை பழையபடி கையால் செய்யத் தொடங்கிவிட்டது. அந்த இளைஞரில் குற்றமில்லை. சங்கத்தின் பெயரில் கணக்கு இருக்க வேண்டும் என்று கேட்க அங்கே எவரும் அறிந்திருக்கவில்லை.

ஆகவே சங்கத்துக்கென்று ஒரு கணக்கு, அதற்குச் சங்கத்தின் கைபேசி எண், இரண்டடுக்குச் சரிபார்ப்பு. கைபேசி இல்லாதபோதும் உள்நுழைய உதவும் மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு உறையிலிட்டு ஒட்டிப் பொருளாளரின் இரும்புப் பெட்டியில் வைத்துவிடுங்கள்; நிர்வாக சபை மாறும்போது சாவியோடு அதுவும் கைமாறட்டும். ஸ்கிரிப்டை முதன்முதலாக ஓட்டும்போது, இந்தச் செயலி சரிபார்க்கப்படவில்லை என்று கூகுள் எச்சரிக்கும். நீங்களே எழுதியதற்கு அதைத் தாண்டிப் போகலாம். ஆனால் நீங்கள் கொடுப்பது அஞ்சல்பெட்டி முழுவதற்குமான அனுமதி. எனவே படித்துப் பார்க்காத ஸ்கிரிப்டுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. தனிப்பட்ட அஞ்சல்கள் வரும் கணக்கில் இதை வைக்க வேண்டாம் என்பதற்கும் அதுவே காரணம்.

ஸ்கிரிப்ட் பிழையோடு நின்றால் கூகுள் தூண்டியின் உரிமையாளருக்கு ஒரு சுருக்க அஞ்சல் அனுப்பும். அது ஆங்கிலத்தில், வரி எண்களோடு வருவதால் பலர் விளம்பரம் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். மேலும், என்னுடைய பதினொரு வாரப் பிழையைப் போல் பிழையே இல்லாமல் தவறுவதை அது சொல்லாது. எனவே ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் செயலாளர், பொருளாளர் இருவருக்கும் தமிழில் ஓர் அஞ்சல் போகச் செய்யுங்கள்: கடந்த வாரம் பெட்டிக்கு வந்த இணைப்புள்ள அஞ்சல்கள் இத்தனை, ட்ரைவில் சேர்ந்தவை இத்தனை, விடுபட்டவை இத்தனை, மீதி இடம் இவ்வளவு. முதல் எண்ணை லேபிள் பார்க்காமல் பெட்டி முழுவதிலும் எண்ணச் செய்ய வேண்டும். அப்போதுதான் வடிகட்டி தவறவிட்டதும் தெரியும். இரண்டு எண்களும் ஒத்துப்போகாவிட்டாலோ, திங்கள் அஞ்சலே வராவிட்டாலோ, யாரையாவது அழைக்க வேண்டும் என்பது கணினி அறியாதவருக்கும் விளங்கும். கணினி படித்த ஒருவர் சங்கத்தில் நிரந்தரமாக இருக்கத் தேவையில்லை. திங்கட்கிழமை அஞ்சலைப் படிக்கும் ஒருவர் இருக்க வேண்டும். அழைத்தால் வரக்கூடிய ஒருவரின் எண் அந்த அஞ்சலின் அடியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தொடங்கும்போது எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்க வேண்டாம். வங்கி வைப்புச் சீட்டுகளை மட்டும் எடுங்கள். மாதத்துக்கு முப்பது நாற்பதுதான் இருக்கும், வங்கிக் கூற்றோடு ஒப்பிடவும் முடியும். ஒரு முழு மாதம் ஸ்கிரிப்டும் ஓடட்டும், நீங்களும் வழக்கம்போல் கையால் செய்யுங்கள். மாத முடிவில் இரண்டு பட்டியல்களையும் பொருளாளர் முன் வைத்து வரிக்கு வரி பாருங்கள். விடுபட்டது ஒன்றேனும் இருந்தால், அந்த அஞ்சலின் திகதியையும், அது தனி அஞ்சலா பதிலாக வந்ததா என்பதையும், விடய வரியைப் பிரதி செய்தபடியும் எனக்கு அனுப்புங்கள்; பெரும்பாலும் அந்த மூன்றிலேயே காரணம் தெரிந்துவிடும்.